தீமை அணிக்குப் பேசினேன்

சூதாட்டம் சமூகத்துக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்கிறார்கள். எங்கள் பகுதியில் முடிவுக்கு வந்துவிட்டார்கள். போடிமெட்டு செக்போஸ்டில் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், லாட்டரி அரசாங்கமே நடத்தும் நற்காரியம். கம்பிக்கு அந்தப் பக்கம் அதே சீட்டை விற்றால் போலீஸ் பிடிக்கும். ஒரே மலை, ஒரே மூடுபனி, இரண்டு பக்கமும் ஒரே குரங்குகள். நன்மை எங்கே முடிந்து தீமை எங்கே தொடங்குகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தில் கம்பி போட்டுக் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் நன்மைப் பக்கத்தில் இருக்கிறோம். பூப்பாறை தாண்டி சாந்தன்பாறை போகும் வழியில் ஒரு வளைவு. வளைவில் ஒரு டீக்கடை, ஒரு பஸ் ஷெட், ஜீப்புகள் நிற்கும் ஒரு மேடு, எல்லோரும் மலையாளத்திலேயே வாயனசாலை என்று சொல்லும் ஒரு நூலகம். நூலகத்தின் வராந்தாவில் என் அம்மாவின் லாட்டரி மேஜை.

அம்மா முன்பு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. சமதளத்தில் பத்தடி நடப்பார், பதினோராவது அடிக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் சமதளம் என்பது நூலக வராந்தா மட்டும்தான். அதில் ஓட்டுக்கூரை உண்டு, படி ஒன்றே ஒன்றுதான், பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு. பத்து வருடமாக அங்கே உட்கார்ந்து அம்மா ஊருக்கு அதிர்ஷ்டம் விற்றார். தனக்கென்று ஒரு சீட்டு எடுத்ததில்லை. கேட்டால், "மீன் விக்கிறவ எல்லாம் மீனா திங்குறா?" என்பார்.

அந்த மேஜைக் காசில்தான் நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். இப்போது ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களுக்குப் போய் டிரையரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறேன். பட்டியல் போடாமல் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. முதலில் ஃபியூஸ், பிறகு சென்சார், பிறகு ரிலே. ஊரில் எனக்குப் பெயர் 'லிஸ்ட் பாப்பா.' இதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள் என்று சில காலம் நினைத்திருந்தேன்.

பிரச்சினை நூலகக் கமிட்டித் தலைவரிடமிருந்து வந்தது. அவர் ஏலத்தோட்ட முதலாளி, கம்பத்திலிருந்து வந்து இங்கே தழைத்த குடும்பம். லாட்டரி என்றால் அவருக்கு ஆகாது. உழைக்காமல் பணம் வரவேண்டும் என்று மனிதன் காத்திருப்பது அசிங்கம் என்பார். இதை அவர் சொல்வது பெரும்பாலும் தன் ஸ்டோரில், கூரை தொட அடுக்கிய ஏலக்காய் மூட்டைகளில் சாய்ந்துகொண்டு. அந்த மூட்டைகள் இரண்டு வருடமாக அங்கே இருக்கின்றன. விலை ஏறும் என்று காத்திருக்கின்றன.

நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் லாட்டரி மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்பது அவருடைய புகார். பிள்ளைகள் யாரும் நூலகத்துக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். வருகிறவர்கள் பெரியவர்கள். அவர்களும் பத்திரிகையில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்கள். காலை பத்து மணிக்குள் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்து காணாமல் போயிருக்கும்.

மேஜையை எடுக்கச் சொல்ல நேரடியாக அவருக்குத் துணிச்சல் இல்லை, ஏனென்றால் கமிட்டியில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் அம்மாவின் வாடிக்கையாளர்கள். எனவே ஜனநாயக முறையில் போனார். ஆண்டு விழாவில் 'சூதாட்டம் சமூகத்துக்கு நன்மையா, தீமையா' என்று ஒரு வாதப் போட்டி வைப்பது, தீர்ப்பு தீமை என்று வந்தால் மேஜையை வராந்தாவிலிருந்து எடுப்பது, நன்மை என்று வந்தால் இருக்கட்டும் என்று விடுவது. கமிட்டி கைதட்டி ஏற்றது. வாதப் போட்டி என்றால் டீயும் பருப்பு வடையும் உண்டு.

பேச இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஜீப் டிரைவர். விடியற்காலையில் போடிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுகிறவர், வளைவிலேயே பெரிய வாய்க்காரர். தினமும் அம்மாவிடம் சீட்டு எடுப்பார். இதுவரை அவருக்கு லாட்டரியில் கிடைத்தது அம்மாவின் சிநேகிதம் மட்டும்தான். இன்னொருவர் நான். டெக்னிக்கலாகப் படித்த ஆள் ஒன்று வேண்டும் என்றார்கள்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்று கேட்டேன். தலைவர் இரண்டு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் போட்டு, தன் கையாலேயே குலுக்கினார்.

"இது குலுக்கல் ஆச்சே" என்றேன்.

"நியாயமா இருக்கணும்ல" என்றார் தலைவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

குலுக்கல் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாங்குகிற டிரைவருக்கு நன்மை. விற்கிறவளின் மகளுக்குத் தீமை.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீ ஜெயிச்சா எம் மேஜ போயிரும்."

"ஆமா."

"எங்குட்டு ஒக்காந்தாலும் மழை. அங்கதான் ஓடு இருக்கு."

"தெரியும்மா. தோத்துட்டு வர்றேன்."

"பேசுற மாதிரியாவது பேசு. படிக்க வச்சவளக் கேவலப்படுத்தாத." கொஞ்ச நேரம் கழித்து, "என்னா பேசப் போற?" என்றார்.

"காகிதம் வீணாகுதுன்னு."

"அதுக்காடி பாலிடெக்னிக் போன?"

தோற்பதற்கும் ஒரு பட்டியல் தயாரித்தேன். மூன்று வாதங்கள்: காகிதம் வீணாகிறது, காகிதத்துக்காக மரம் வெட்டப்படுகிறது, முடிவு பார்க்கும் நேரத்தில் போன் சார்ஜ் குறைகிறது. மூன்றும் வேண்டுமென்றே இளைக்க வைத்தவை. கடைசி வாதத்தைப் படித்துப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

இதற்கிடையில் வளைவில் ஒரு காரியம் நடந்தது. வாதப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று ஜீப் ஸ்டாண்டில் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். காசு கிடையாது, அது சூதாட்டம் ஆகிவிடும் அல்லவா, புரோட்டா. டீக்கடைக்காரர் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு வரிசை போட்டு எண்ணிக்கை எழுதினார். டிரைவருக்குத்தான் ஆதரவு அதிகம். என் மேல் கட்டியவர்கள் சிலரே. படித்த பெண், கணக்குச் சொல்லி மடக்கிவிடும் என்று நம்பிய அப்பாவிகள். சூதாட்டம் தீமை என்று தீர்ப்பு வந்தால் தலைக்கு நான்கு புரோட்டா.

ஆண்டு விழா சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு. லாட்டரிக் குலுக்கல் தினமும் மூன்று மணிக்கு என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தனக்கு அந்த நேரமெல்லாம் தெரியாது என்று காட்டிக்கொள்ளவே தலைவர் அந்த நேரத்தை வைத்தார் என்று நினைக்கிறேன். நடுவர் பஞ்சாயத்து மெம்பர், பக்கத்து வார்டிலிருந்து வந்த அக்கா. அவர் கைப்பையின் பக்கவாட்டு உறையில் அன்றைய சீட்டின் ஓரம் ரோஸ் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

டிரைவர் முதலில் பேசினார்.

"சபைக்கு வணக்கம். லாட்டரி இல்லேன்னா நான் விடிய எந்திரிக்கவே மாட்டேன். இன்னைக்கு அடிக்கும்னுதான் எந்திரிக்கிறேன். நான் எந்திரிச்சாத்தான் ஜீப் வரும். ஜீப் வந்தாத்தான் காயெடுக்க ஆள் வரும். ஆள் வந்தாத்தான் தலைவர் ஸ்டோர்ல மூட்டை ஏறும். அப்ப தலைவரு வீடு கட்டுனது யாரால?"

"லாட்டரியால!" என்றது கூட்டம். தலைவர் புன்னகைத்தார், பல்வலிக்காரர் போல.

"எதிரணில நிக்கிற பாப்பா யாரு? லாட்டரிச் சோறு தின்னு வளந்த பாப்பா. லாட்டரி தீமைன்னா பாப்பாவும் தீமைதான? நான் அப்பிடிச் சொல்லுவனா? மாட்டேன். லாட்டரி நன்மை, அதனால பாப்பாவும் நன்மை!"

கூடம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகும் அந்த வாக்கியம் காதில் நின்றது.

நான் எழுந்து காகிதத்தைப் பற்றி ஆரம்பித்தேன். மரத்துக்கு வரும்போதே பின்வரிசையில் கொட்டாவி. போன் சார்ஜைச் சொன்னபோது டிரைவர் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்து, "விட்டுக் குடுக்குது, நல்ல புள்ள" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜீப் ஓட்டுகிறவர்களின் மெதுவான குரல் மற்றவர்களின் கத்தல்.

"ஏ பாப்பா, ஓம்மேல புரோட்டா கட்டிருக்கோம்! இதுக்குத்தான் படிச்சியா?" என்று கதவோரமிருந்து ஒருவர் கத்தினார்.

அந்த நேரத்தில் மூன்று மணி ஆயிற்று. யாரும் இடைவேளை அறிவிக்கவில்லை. அறுபது போன்கள் வெளியே வந்தன. மெம்பர் அக்கா மேஜைக்கடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். தலைவர் ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்த்தார், ஆனால் காது மட்டும் பக்கத்து ஆளின் போனிடம் இருந்தது. முதல் பரிசு எண்ணை அறிவித்தார்கள். பிறகு ஒரு அமைதி. அந்த அமைதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பஸ் நிற்காமல் போனால் ஸ்டாப்பில் விழும் அமைதி அது.

போன்கள் பைக்குள் போயின. முகங்கள் நிமிர்ந்தன. நான் என் குறிப்பைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன். எதிரே இருந்த எல்லோரும் அரை நிமிடத்துக்கு முன் தோற்றவர்கள். தீமை அணிக்குப் பேசுகிறவளுக்கு இப்படி ஒரு சபை இனி எந்த ஜென்மத்திலும் அமையாது.

அடுத்து நான் செய்ததைப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கி வராந்தாவுக்குப் போனேன். அம்மா மேஜையில் மறுநாள் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் ஒரு ஏலக்காய்ச் சாக்கு உண்டு. முடிவு பார்த்துவிட்டு ஆட்கள் கசக்கி எறியும் சீட்டுகளை அம்மா கூட்டி அதில் போட்டு வைப்பார், வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று. நான் குனிந்து சாக்கை இழுத்தேன்.

"என்னாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து மேடையில் தலைகீழாகக் கவிழ்த்தேன். ரோஸ், பச்சை, மஞ்சள், நீலம். பூக்கோலம் போட்டது போல அழகாகத்தான் இருந்தது.

"இது நம்ம வளைவோட ஒரு மாசம்" என்றேன். "எரிச்சது போக மிச்சம். இதுல எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதுவரைக்கும் போட்டதை விட ஒரு ரூபா கூடுதலா எடுத்தவங்க கையத் தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். "கையத் தூக்கிப் பொய் சொல்லாதீக" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. டிரைவர் எழுந்திருப்பது சீட்டால் அல்ல, அலாரத்தால் என்றேன். அவருக்கு அடித்திருந்தால் மறுநாளே ஜீப் நின்றிருக்கும், அவருக்கு அடிக்காததால்தான் ஊர் பிழைத்தது என்றேன். சீட்டு வாங்குகிறவனை மட்டும் சூதாடி என்று சொல்வது சரியில்லை, ரெண்டு வருஷம் மூட்டையை அடுக்கி வைத்து விலை ஏறுமென்று காத்திருப்பதும் அதே குலுக்கல்தான், டம்ளர்தான் பெரிது என்றேன். இதற்குத்தான் பெரிய கைதட்டல். தலைவரும் தட்டினார், கடைசியாக, இரண்டே தட்டு.

பேசப் பேச ஆசை கூடியது. இன்னும் ஒரு வாக்கியம், இன்னும் ஒன்று. கூட்டம் என் பக்கம் சாய்வதை, டிரையர் முள் ஏறுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிக்கக் கூடாது என்பது நினைவில் இருந்தது. அந்த நினைவுக்கு ஒரு பலமும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றதைப் பேசி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

மெம்பர் அக்கா எழுந்து மலையாளம் கலந்த தன் தமிழில் தீர்ப்புச் சொன்னார். "லாட்டரி அரசாங்கத்தோட காரியம். அரசாங்கம் தீமை செய்யும்னு ஞான் ஒருநாளும் பறைய மாட்டேன். அது எழுதிக்கோங்க. பக்ஷே மோள் நல்லாப் பேசினா. அதுகொண்டு தீமைக்கே ஜெயம்."

சமூகம் சூதாட்டத்தை நிராகரித்ததும் வெளியே ஒரே ஆரவாரம். என் மேல் கட்டியவர்கள் டீக்கடைக்கு ஓடினார்கள். எனக்கு ஒரு பிளாஸ்க் பரிசு. தலைவர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, "மேஜையை நாளைக்குள்ள எடுத்தாப் போதும்" என்று அம்மாவிடம் தாராளமாகச் சொன்னார்.

"இப்பவே எடுத்துக்கிறோம்" என்றார் அம்மா.

நான் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க டிரைவர் வந்தார். போகிற போக்கில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், "இனி எப்ப எங்க பாக்குறதோ" என்று மறுநாள் சீட்டில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மேஜையை ஜீப்பின் பின்னால் ஏற்றினோம். அம்மாவை முன்னால் ஏற்றினோம். நான் மேஜைக் கால்களுக்கு நடுவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன்.

"பாப்பா, எனக்கு எட்டு புரோட்டா நட்டம்" என்றார் டிரைவர். "எம்மேல நானே ரெண்டு தடவ கட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர் போன பிறகு, "அம்மா, நான் தோக்கணும்னுதான் போனேன்" என்றேன்.

"தெரியும்."

"அப்பறம் என்னான்னே தெரியல."

"எனக்குத் தெரியும்." அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "பத்து வருசமா அந்த மூஞ்சியத்தான பாக்குறேன். வீட்டுக்கு அரிசி வாங்க வந்த காசக் கையில வச்சுக்கிட்டு நிப்பான். வேணாம்டா போன்னு சொல்லுவேன். ஒண்ணே ஒண்ணு, அக்கான்னு நீட்டுவான். சாக்க இழுக்கும்போது ஒம் மூஞ்சி அப்பிடித்தான் இருந்துச்சு."

நான் என் வாழ்க்கையில் ஒரு சீட்டு வாங்கியதில்லை. வைத்து ஆடிய ஒரே பொருள் அம்மாவின் மேஜை. ஜெயித்தது நான், போனது அவருடையது.

மறுநாளே மேஜை பஸ் ஷெட்டுக்குப் போனது. அங்கே மூன்று பக்கம்தான் சுவர். காற்றடித்தால் சாரல் நேராகச் சீட்டின் மேல். ஜீப்பில் வரும் தோட்டப் பெண்கள் வாங்குவதால் வார நாட்கள் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டம் இல்லை, ஜீப் இல்லை. வருவது மூணாறு போகும் சுற்றுலா வண்டிகள். வளைவுக்கு மேலே பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், ஷெட்டுக்கு இறங்கி வர மாட்டார்கள். நூலக வராந்தா அவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தது. இப்போது சீட்டு அவர்களிடம் நடந்து போக வேண்டும்.

"என்னால ஏற முடியாது" என்றார் அம்மா. "ஒனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

இப்படியாக, சூதாட்டம் தீமை என்று பிளாஸ்க் வாங்கிய நான் ஞாயிறுதோறும் லாட்டரி விற்கிறேன். டீக்கடையைத் தாண்டும்போது, "பாப்பா, தீமைல ரெண்டு குடு" என்று கூப்பிடுவார்கள். கொடுப்பேன். வேறு என்ன செய்ய.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டும் போகவில்லை. அடிக்குமா என்று கேட்டவர்களிடமெல்லாம் அடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விற்காத சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அது நம் தலையில்தான். மூன்று மணிக்கு மேல் இருபது சீட்டோடு ஷெட்டுக்கு வந்தேன். அம்மா எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்ன எவன் தீர்ப்புக் கேட்டான்? நம்பரக் காட்டு. வாயத் தொறக்காத" என்றார்.

போன வாரம் மூன்று சீட்டு மிச்சம், குலுக்கலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மதுரை வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஒரு அக்கா ஆசையாகச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க ஊருல இதெல்லாம் தடைம்மா. இங்க தப்பில்லையே?"

"இங்க தப்பில்லக்கா. செக்போஸ்ட் வரைக்கும் தப்பில்ல."

"இந்த மூணுல எது அடிக்கும்?"

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லவும் மனசு வரவில்லை. கணக்குப்படி எது சரியோ அதைச் சொன்னேன்.

"மூணுக்கும் சான்ஸ் ஒரே மாதிரிதான்க்கா."

"ஒண்ணுக்கொண்ணு கொறைச்சல் இல்லையா?"

"ஒண்ணுக்கொண்ணு கொறைச்சல் இல்ல."

"அப்ப ஒண்ண விட்டுட்டு ஒண்ண எப்பிடி எடுக்குறது?" என்று மூன்றையும் வாங்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பும்போது அம்மா போன் செய்தார். மிச்சம் எத்தனை என்றார். இல்லை என்றேன்.  பிறகு, "என்னா சொல்லி வித்த?" என்றார்.

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"நல்லாப் பழகிட்ட" என்று போனை வைத்தார். பாராட்டா, இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.